நான்காம் வகுப்பில் கேள்விகள் எங்கே போகின்றன?

ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை கேட்டிருப்பது இது: "எனக்கு நான்காம் வகுப்பு, 28 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் எதற்கெடுத்தாலும் 'ஏன் டீச்சர், ஏன் டீச்சர்' என்று துளைத்தெடுத்தவர்கள்தான். இப்போது 'சந்தேகம் இருந்தா கேளுங்க' என்றால் வகுப்பே கப்சிப். செலவு செய்யப் பணம் கிடையாது, பாடத்தையும் முடித்தாக வேண்டும். கற்றுக்கொள்ளும் ஆசையை இவர்களிடம் எப்படி மறுபடி உண்டாக்குவது?"

ஆசை வற்றிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இதே பிள்ளைகள் மதிய இடைவேளையில் வேலியோரம் ஓணானைச் சுற்றி நிற்கும்போது ஐந்து நிமிடம் தள்ளி நின்று கேளுங்கள். கேள்விகள் அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். வகுப்பறைக்குள் அவை வருவதில்லை, அவ்வளவுதான். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், நான்கு வயதுச் சிறுமிகள் 30 பேர் வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் பேசியதைப் பதிவு செய்து 1984-இல் வெளியிட்டார்கள். வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள்; பள்ளியில் ஆசிரியரிடம் மணிக்கு 2. அதே குழந்தை, அதே வயது, இடம்தான் வேறு.

நம் வகுப்பறையில் இரண்டு சொற்கள் கெட்டுப்போயிருக்கின்றன. ஒன்று "சந்தேகம்". பிள்ளையின் காதில் அது "கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொள்" என்றுதான் விழுகிறது. கேட்டால் "இவ்வளவு நேரம் எங்க பாத்துக்கிட்டிருந்தே?" என்று திருப்பிக் கேட்கப்படும் என்பது அதற்குத் தெரியும். இன்னொன்று "கேள்வி". பாடத்தின் கடைசியில் அச்சாகியிருப்பதும், பரீட்சைத் தாளில் வருவதும், கேட்பவருக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருப்பதும்தான் பிள்ளைகளுக்குக் கேள்வி. "ஒரு கேள்வி எழுதிக் கொண்டுவா" என்று சொல்லிப் பாருங்கள், முதல் வாரம் "இந்தியாவின் தலைநகர் எது?" என்றுதான் வரும்.

ஆர்வம் குடியிருப்பது கேள்விக்கும் விடைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில். நம் பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். விடுகதை போட்டவர் விடையை உடனே சொல்வதில்லை. கெஞ்சவிடுவார், தப்பாகச் சொல்லவிடுவார், கடைசியில் "தோத்துட்டேன்னு சொல்லு" என்பார். பள்ளியில் நாம் கேள்வியைக் கேட்ட மறுவிநாடியே விடையைச் சொல்லி, கரும்பலகையில் எழுதி, நோட்டில் எழுத வைத்து, கையெழுத்தும் போட்டுவிடுகிறோம். ஆகவே கீழே வருவதெல்லாம் அந்த இடைவெளியை எங்கே, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைப் பற்றித்தான்.

காசே தேவைப்படாததிலிருந்து ஆரம்பிப்போம். கேள்வி கேட்டபின் மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் நூற்றுக்கணக்கான வகுப்பறை ஒலிப்பதிவுகளை அலசி 1970-களில் எழுதினார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரே ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் பல மடங்கு நீண்டன, "தெரியாது" குறைந்தது, பின்வரிசைப் பிள்ளைகள் வாய் திறந்தார்கள், பிள்ளைகள் தாங்களாகக் கேட்கும் கேள்விகளும் கூடின. பிள்ளை பதில் சொன்ன பிறகும் இன்னொரு மூன்று விநாடி காக்க வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது மௌனத்துக்குத்தான் பலன் அதிகம் என்பார் ரோ. நாம் உடனே "வெரிகுட்" என்று சொல்லிவிட்டால் மற்ற 27 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். விஷயம் முடிந்தது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறதே. அதற்குப் பதில் தலையை மட்டும் ஆட்டி, "வேற யாருக்காவது வேற மாதிரி தோணுதா?" என்று கேளுங்கள்.

மூன்று விநாடி என்பது வகுப்பில் நிற்பவருக்கு முப்பது விநாடி மாதிரி இருக்கும். மனத்துக்குள் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று" என்று எண்ணுங்கள். முதல் சில நாள் இது சரியாக நடக்காது. பிள்ளைகள் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டதென்று நினைப்பார்கள். வழக்கமாகக் கத்தும் இரண்டு பேர் அந்த மௌனத்துக்குள் புகுந்து பதிலைச் சொல்லிவிடுவார்கள். அதனால் "நான் உள்ளங்கையை விரிக்கும்வரை யாரும் கை தூக்கக் கூடாது" என்று ஒரு விதி வையுங்கள். அல்லது பக்கத்துப் பிள்ளையிடம் அரை நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளில் ஒன்றை டப்பாவிலிருந்து உருவிக் கூப்பிடுங்கள். இன்னொன்று: கேள்வி நினைவிலிருந்து ஒப்பிக்கும் வகையாக இருந்தால் எத்தனை விநாடி காத்தாலும் பயனில்லை. "ஆவியாதல் என்றால் என்ன?" என்பதற்கு யோசிக்க ஒன்றுமில்லை; தெரியும் அல்லது தெரியாது. "ரெண்டு ஈரத் துண்டு. ஒண்ணை விரிச்சுக் காயப்போடறேன், ஒண்ணை நாலா மடிச்சுப் போடறேன். எது முதல்ல காயும்? எதனால அப்படி நினைக்கிறே?" என்பதில் இருக்கிறது.

அடுத்தது பொருள். கேள்வி வெறும் வாயிலிருந்து வராது, கையில் ஏதாவது இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஒரு பொருளை மேசைமேல் வையுங்கள். பெயர்ச் சீட்டு வேண்டாம், விளக்கம் வேண்டாம். தூக்கணாங்குருவிக் கூடு, மூன்று இறக்கையுள்ள முருங்கை விதை, பாம்புச் சட்டை, குளவி கட்டிய மண்கூடு (காலியானது), கறையான் அரித்த பலகைத் துண்டு, பழைய சைக்கிள் பெல்லைப் பிரித்தது. ஐந்து நாள் அங்கேயே கிடக்கட்டும், தொட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம்: "பார்த்தது", "தோன்றியது". இந்த இரண்டையும் பிரிக்கப் பழகுவதே பாதி அறிவியல். "கூட்டுக்கு வாசல் கீழ்ப்பக்கம் இருக்கு" என்பது பார்த்தது, "பாம்பு ஏறாம இருக்க" என்பது தோன்றியது. மேசைக்கு வரக்கூடாதவை: குன்றிமணி, ஆமணக்கு விதை, ஊமத்தங்காய், அரளி. குன்றிமணியின் அழகுக்கே பிள்ளைகள் மயங்கி வாயில் போடுவார்கள். மென்றால் கடும் விஷம்.

பொருளை வைத்து இரண்டு வாரம் ஓடிய பிறகு கேள்விப் பலகை. முதல் நாளே பலகையைத் தொங்கவிட்டால்தான் அந்த "தலைநகர் எது" ரகம் வந்து நிறைகிறது. கரும்பலகையின் ஓரத்தில் கால்பங்கு போதும். பிள்ளை சொன்னபடியே, பேச்சுத் தமிழிலேயே, பெயருடன் எழுதுங்கள். இலக்கணம் திருத்த இது இடமில்லை. கேட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் வேண்டாம். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்காக ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் துண்டுச்சீட்டு போட வசதி செய்யுங்கள். யாராவது ஒரு கேள்விக்குச் சிரித்தால் அதை அப்போதே, சிரித்தவர் முன்னாலேயே, கறாராக நிறுத்த வேண்டும். ஒரு தடவை கேலிக்கு ஆளான பிள்ளை அந்த வருடம் முழுக்கக் கேட்காது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 25 நிமிடம் எடுத்து, வந்த கேள்விகளைப் பிள்ளைகளையே வகை பிரிக்கச் சொல்லுங்கள். பார்த்தாலே தெரிவது, செய்துபார்த்தால் தெரிவது, கேட்டோ படித்தோதான் தெரிவது. "எறும்பு எப்பவுமே ஒரே கோட்டுலயா போகும்?" என்பது முதல் வகை. "மயிலிறகு குட்டி போடுமா?" என்பது அருமையான இரண்டாம் வகை: நான்கு நோட்டுகளில் நான்கு இறகு, இரண்டில் அரிசிமணி, இரண்டில் ஒன்றும் இல்லை, முதல் நாளே ஒவ்வொன்றின் நீளத்தையும் ஸ்கேலால் அளந்து எழுதி, ஒரு மாதம் கழித்து மறுபடி அளப்பது. போடாது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் "போடாது, சும்மா உளறாதே" என்று சொல்லிக் கேட்டதும், தான் அளந்து கண்டதும் ஒன்றல்ல. (ஒரு மாதம் கழித்து ஒருவன் "அரிசி போதல டீச்சர்" என்பான். நல்லது. அடுத்த சோதனை தயார்.) "பல்லி எப்படிக் கூரையில ஒட்டிக்கிட்டு நடக்குது?" மூன்றாம் வகை, அதன் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்மயிர்கள் இருப்பதை வகுப்பறையில் கண்டுபிடிக்க முடியாது, சொல்லத்தான் வேண்டும்.

வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் போதும். எல்லாவற்றுக்கும் விடை சொல்லத் தொடங்கினால் பலகை உங்கள் சொற்பொழிவு மேடையாகிவிடும். பலகையைப் பூவும் பார்டரும் போட்டு அலங்கரித்து, கல்வி அலுவலர் வரும் நாளுக்காகப் பாதுகாப்பது இன்னொரு வழக்கமான சாவு.

இனி ஒரு சோதனையை விரிவாகச் சொல்கிறேன், பச்சைப்பயறு. எல்லாப் பள்ளியிலும் முளைக்கப் போடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் வீணாகப் போடுகிறார்கள்: ஒரு கிண்ணத்தில் போட்டு, முளைத்ததும் காட்டி, "விதை முளைக்க நீர், காற்று, வெப்பம் தேவை" என்று எழுதிப்போட்டு முடித்துவிடுகிறார்கள். அதில் எந்தப் பிள்ளைக்கும் எந்த ஆச்சரியமும் இல்லை. இப்படிச் செய்யுங்கள். ஆறு கொட்டாங்கச்சி, அடியில் ஓட்டை, முக்கால்வாசி மண். முந்தைய நாள் மாலை 70 பயறு ஊறவைத்து (பழைய பயறும் வறுத்ததும் முளைக்காது, பத்துப் பதினைந்து அதிகமாகவே ஊறவையுங்கள்), திங்கட்கிழமை ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக விரல்நுனி ஆழத்தில் ஊன்றுங்கள். மூன்று ஜன்னலோரம். மூன்று கவிழ்த்த மண்பானைக்குள், இருட்டில். எல்லாவற்றுக்கும் தினம் இரண்டு ஸ்பூன் தண்ணீர், ஒரே அளவு. ஊன்றும் முன்பே ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுத வேண்டும்: எது உயரமாக வளரும், ஏன்? இந்த எழுத்து இல்லாவிட்டால் சோதனை வெறும் வேடிக்கை. எழுதிய பிள்ளைக்குத்தான் அதில் பங்கு இருக்கிறது. தான் சொன்னது ஜெயிக்குமா என்று அது தினமும் வந்து பார்க்கும்.

பெரும்பாலான பிள்ளைகள் இருட்டில் வளராது என்றே எழுதுவார்கள். ஐந்தாறு நாளில் இருட்டுச் செடிதான் உயரமாக, வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்கும். வகுப்பு கொந்தளிக்கும். அப்போது "செடிக்கு வெளிச்சமே தேவையில்ல" என்று சிலர் முடிவுக்கு வருவார்கள். நாக்கின் நுனிவரை வரும் விளக்கத்தை விழுங்கிக்கொள்ளுங்கள். "சரி, இன்னும் பத்து நாள் பாக்கலாம்" என்பது மட்டும். விதைக்குள் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் இருட்டுச் செடிகள் துவண்டு விழத் தொடங்கும். அதற்குமுன் ஒரு கொட்டாங்கச்சியை மட்டும் வெளிச்சத்துக்கு மாற்றி வையுங்கள். ஓரிரு நாளில் பச்சை ஏறுவதைப் பார்ப்பார்கள். இப்போது விளக்கம் சொன்னால் அது போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது. உயரத்தை எண்ணால் எழுதுவதைவிட, தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதக் கீற்றை வெட்டி, தேதி போட்டு, அட்டையில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். தானாகவே அது வரைபடமாகிவிடும். வரைபடம் என்ற சொல்லைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

எது கெடும்? தண்ணீர் அதிகமாகி அழுகுவது முதல் காரணம்; பொறுப்பெடுத்த பிள்ளை பாசத்தில் ஒரு தம்ளர் ஊற்றிவிடும். ஆகவே ஸ்பூனையே மண்ணில் செருகி வையுங்கள், டம்ளர் பக்கத்தில் இருக்கவே வேண்டாம். பஞ்சில் போட்டால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், மண்ணே நல்லது. வியாழன், வெள்ளியில் தொடங்கினால் ஊன்றிய கையோடு சனி ஞாயிறு வந்து மேல்மண் காய்ந்துவிடும், அதனால்தான் திங்கள். அணிலும் எலியும் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, பிள்ளைகள் மணிக்கொரு தரம் பானையைத் தூக்கிப் பார்த்து வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடுவது. அதற்காகத் திட்டிவிடாதீர்கள், நீங்கள் தேடிக்கொண்டிருந்ததே அந்தத் தவிப்புதான். ஒரு பானைக்கு "எட்டிப்பார்க்கும் பானை" என்று பெயர் வைத்து, அதை மட்டும் திறக்க அனுமதியுங்கள். மற்ற இரண்டோடு அது வேறுபடுகிறதா என்று யாராவது கேட்டால் அன்றைக்கு உங்களுக்குத் திருவிழா.

தினசரி ஐந்து நிமிடத்தில் முடியும் இன்னொன்று நிலா. "எட்டாத ராணி இரவில் வருவாள், பகலில் மறைவாள்" என்று விடுகதை போட்டுவிட்டு, விடை வந்ததும், "பகல்ல நிஜமாவே மறைஞ்சிடுதா?" என்று கேட்டு நிறுத்துங்கள். பகலில் நிலா தெரியாது என்று நம்பும் பெரியவர்களே நிறைய இருக்கிறார்கள். நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து, அதிலிருந்து ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை, காலை வழிபாடு முடிந்ததும் மேற்கே பாருங்கள். வெளிறிய நிலா நிற்கும். மாலையில் வேண்டுமென்றால் அமாவாசை கழித்து ஏழு முதல் பத்து நாள் வரை, பள்ளி விடும் நான்கு மணிவாக்கில், கிழக்குப் பக்கம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தொடங்கினால் மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று, கொடிக்கம்பத்திலிருந்து நிலா எத்தனை முஷ்டி தள்ளியிருக்கிறது என்று கையை நீட்டி அளக்கச் சொல்லுங்கள். நீட்டிய கையில் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை (டிகிரி). சிறிய கைக்குச் சிறிய முஷ்டி என்பதால் பிள்ளைகளுக்கும் கணக்கு ஒத்துவரும். நிலா நாளொன்றுக்கு ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே நகர்ந்திருக்கும். வடிவத்தையும் வரையட்டும். இங்கே ஒரு பழக்கதோஷம் குறுக்கிடும்: கண்ணெதிரே அரை வட்டம் தெரிந்தாலும் கை வாழைப்பழப் பிறையைத்தான் வரையும், படப்புத்தக நிலா அப்படி. "தெரியறதை வரை, தெரிஞ்சதை வரையாதே" என்று ஒருமுறை சொல்லுங்கள். மேகமிருந்தால் "மேகம்" என்று எழுத வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது.

பிறை ஏன் தேய்கிறது என்றால் "பூமியோட நிழல் விழுது" என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். அது கிரகணத்துக்கான காரணம். வாதாட வேண்டாம். சூரியனும் நிலாவும் சேர்ந்து தெரியும் காலையில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று (சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது), ஒரு எலுமிச்சம்பழத்தை வெயில் படும்படி நிலாவின் பக்கமாக நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பழத்தில் வெயில் பட்ட பகுதி நிலாவின் வடிவத்தையே அப்படியே காட்டும். உயரே அரைநிலா, கையில் அரை எலுமிச்சை. செலவு ஒரு பழம். அதில் இருக்கும் அதிர்ச்சியை எந்த வீடியோவாலும் தர முடியாது.

நிழலையும் இப்படியே செய்யலாம். நட்டகுச்சியின் நிழல் நுனியை மணிக்கொரு தரம் சுண்ணாம்புக்கட்டியால் குறித்தால் போதும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களையொட்டி நடுப்பகலில் (12 மணிக்குச் சில நிமிடம் கழித்து) நிமிர்ந்த குச்சிக்கு நிழலே இருக்காது. தெற்கே போகப்போக முதல் தேதி முந்தும், இரண்டாவது பிந்தும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ம் செப்டம்பர் தொடக்கமும். ஆகஸ்ட் நாள்தான் பள்ளிக்குத் தோது, மேகம் வழிவிட்டால்.

இப்போது பரிசு விஷயம். அதிகக் கேள்வி கேட்டவருக்கு ஸ்டார், பேனா என்று அறிவிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரின் குழு 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர்களில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று சொல்லி வரைய வைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண வேளையில், அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. ஆகவே பாராட்டே கூடாது என்பதல்ல. பேரம் கூடாது. "உன் கேள்வியாலதான் நேத்து எல்லாரும் பானையத் தூக்கிப் பாத்தோம்" என்பது பாராட்டு. அதில் கேள்விக்கு மரியாதை இருக்கிறது. பிடிக்காத வேலைக்கு, வாய்ப்பாடு மனப்பாடம் மாதிரி, சிறு பரிசு கொடுப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. இழக்க அங்கே ஆசை என்று ஒன்று இருந்தால்தானே.

செய்முறை காட்டுவதிலும் ஓர் எச்சரிக்கை. எலிசபெத் பொனவிட்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் 2011-இல் வெளியிட்டது: நான்கு ரகசிய வேலைகள் செய்யும் பொம்மை ஒன்று. சில குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர்போல அமர்ந்து "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒன்றை மட்டும் காட்டினார்கள். வேறு சிலர் முன் அதே வேலை தற்செயலாக நடந்ததுபோல விட்டுவிட்டார்கள். கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் குறைந்த நேரமே விளையாடினார்கள், மற்ற மூன்று வேலைகளில் குறைவானவற்றையே கண்டுபிடித்தார்கள். டீச்சர் காட்டிவிட்டார் என்றால் அவ்வளவுதான் இருக்கும் என்று குழந்தை நியாயமாகவே நினைக்கிறது. காந்தமோ லென்ஸோ கொடுக்கும்போது முதல் பத்து நிமிடம் ஒன்றுமே சொல்லாமல் கையில் கொடுத்துவிடுங்கள்.

இதை வைத்துக்கொண்டு "எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்" என்று கிளம்புவோரும் உண்டு, அவர்களோடு நான் சேரமாட்டேன். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் யாருக்கும் கேள்வி எழுவதில்லை. கொஞ்சம் தெரிந்தால்தான் தெரியாதது எதுவென்று தெரியும். எழுத்துக்கூட்டத் திணறும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு மிகப் பெரிய தடை அந்தத் திணறல்தான். அதற்கு நேரடியான, தினசரிப் பயிற்சி வேண்டும், நிலாவும் பயறும் அதற்கு மாற்றல்ல. இரண்டையும் இணைக்கும் வழி வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. மதியச் சாப்பாடு முடிந்ததும் 12 நிமிடம், தினமும், நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். பாடநூல் வேண்டாம். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் "நுழை, நட, ஓடு, பற" என்று படிப்படியாக வந்திருக்கின்றன. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கென்று "ஊஞ்சல்" இதழ் இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழ் "துளிர்" 1987 முதல் வருகிறது. கதை முடிச்சு இறுகும் இடத்தில் மணி அடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூடிவைத்த புத்தகத்தை யாராவது திருட்டுத்தனமாகப் புரட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். வாசித்தபின் "கதையின் நீதி என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பாடம் முடிக்கும் கவலைக்கு: புதிதாக நேரம் தேட வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். வரையறை, எடுத்துக்காட்டு, கேள்வி-பதில் என்று போகும் 40 நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடத்தை எடுத்து ஒரு புதிரையும் ஊகத்தையும் முன்னால் வையுங்கள். மிதத்தல் பாடமா? மட்டை உரிக்காத தேங்காயையும் ஒரு சிறிய ஆணியையும் காட்டி, வாளித் தண்ணீரில் எது மூழ்கும் என்று எழுதவிட்டு, போட்டுக் காட்டிவிட்டுப் பாடநூலைத் திறங்கள். காரணம் தேடிக்கொண்டே படிப்பார்கள். கணக்கிலும் முடியும்: "விடை 24. கணக்கு என்னவா இருக்கும்?" பயறு அட்டையையும் நிலாக் குறிப்பேட்டையும் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவே பதிந்துகொள்ளுங்கள், தனிவேலை ஆகாது.

வீட்டுப் பக்கம் ஒரு சொல். கேட்கும் பிள்ளைக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: வாயாடி, நச்சு, அதிகப்பிரசங்கி. பெண்பிள்ளை என்றால் இன்னும் இரண்டு சேரும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீளமாகப் பேச வேண்டாம், "பிள்ளை கேட்டால் 'நீ என்ன நினைக்கிற?' என்று ஒருமுறை கேளுங்கள், பிறகு தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் 'எனக்கும் தெரியலை, டீச்சர்கிட்ட கேட்டு வந்து எனக்குச் சொல்லு' என்று அனுப்புங்கள்" என்றால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராலும் இது முடியும். ஆனால் எல்லாக் கேள்வியையும் திருப்பிவிடக் கூடாது. தூங்கப்போகும் பிள்ளை "செத்துப்போன தாத்தா எங்க இருக்கார்?" என்று கேட்டால், அது பயத்தில் கேட்பது. அணைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். கைப்பேசியில் தேடுவது தவறில்லை. தேடும்முன் மூன்று பேர் ஊகம் சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் விதி.

உங்களுக்கே விடை தெரியாத கேள்வி வரும்போது "தெரியலையே" என்று சொல்லலாம். மரியாதை குறையாது. ஆனால் அதோடு விட்டுவிட்டால் குறையும். பலகையில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் தேதி போட்டு, இரண்டு நாளுக்குள் எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது என்று வந்து சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டாலும் அதையே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் மேசைப் பொருளும் மூன்று விநாடியும் மட்டும். மூன்றாம் வாரத் திங்கள் பயறு, அதே வாரம் கேள்விப் பலகை. பயறே முதல் கேள்விகளைக் கொடுத்துவிடும். வாசிப்பு முதல் நாளிலிருந்தே. நிலா, நாள்காட்டி சொல்லும்போது. உங்கள் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், பிள்ளைகளுக்குத் தெரியாமல், வெள்ளிதோறும் ஒரு எண்ணை மட்டும் குறித்து வாருங்கள்: அந்த வாரத்தின் ஏதாவது ஒரு பாடவேளையில், நீங்கள் கேட்கச் சொல்லாமல் பிள்ளைகளாகக் கேட்டவை எத்தனை. "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?" கணக்கில் சேராது.